காலையில் அடம்பிடிக்கும் கார்

கேள்வி: என் 1995 மாடல் மாருதி 800 காலையில் மட்டும் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது. பேட்டரியை மாற்றிவிடலாமா?
– வாசகர், கொடைக்கானல்

பதில்: அவசரப்படாதீர்கள், சாவியைத் திருப்பும்போது வரும் சத்தத்தைக் கவனியுங்கள். 'டிக் டிக்' என்று மட்டும் கேட்டால், டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியைச் சுத்தம் செய்து இறுக்குங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியின் பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்ட வேண்டும், 12.2-க்குக் குறைந்தால் சார்ஜ் ஏற்றிப் பாருங்கள்.

இன்ஜின் வேகமாகச் சுற்றியும் பிடிக்கவில்லையா? பேட்டரி நன்றாகவே இருக்கிறது. உங்களுடையது கார்புரேட்டர் வண்டி. மலைக்குளிரில் பெட்ரோல் எளிதில் ஆவியாகாது. சோக்கை முழுதாக இழுத்து ஸ்டார்ட் செய்யுங்கள். இன்ஜின் சூடானதும் சோக்கைத் தள்ளிவிடுங்கள். அதற்கும் மசியாவிட்டால் ஸ்பார்க் பிளக்கில் கரி படிந்திருக்கிறதா, சோக் கேபிள் இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு தடவைக்கு 5 விநாடிக்கு மேல் சாவியைப் பிடிக்காதீர்கள். ஸ்டார்ட்டர் மோட்டார் சூடேறிக் கெட்டுவிடும்.