நூற்றுக்கு ஒன்று

ஈப்போவிலிருந்து வடக்கே பாடாங் பெசார் நோக்கி மின்னிரயிலில் பயணம் செய்திருக்கிறீர்களா? பாடாங் ரெங்காசுக்கும் தைப்பிங்குக்கும் இடையில் மலை குறுக்கிடுகிறது. காரில் போனால் எண்ணெயை அழுத்தி ஏறுகிறோம் என்பது நன்றாகத் தெரியும். இரயிலில் அமர்ந்திருப்பவருக்கு ஏறியதே தெரியாது. சன்னலுக்கு வெளியே சற்று நேரம் இருள், பிறகு வெளிச்சம். அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரியாத அந்த ஏற்ற இறக்கத்தைப் பற்றியதே இக்கட்டுரை.

நான் இயந்திரப் பொறியியல் இறுதியாண்டு மாணவன். இதை எழுத எனக்கு இரண்டு காரணங்கள் உண்டு. என் தாத்தா தைப்பிங் வட்டாரத்தில் தண்டவாளம் பழுதுபார்க்கும் குழுவில் வேலை செய்தவர் என்பது முதலாவது. சென்ற ஆண்டு துறைக் கண்காட்சியில் எனக்கு நேர்ந்த தலைகுனிவு இரண்டாவது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

மேசைமேல் ஒரு விபத்து

நண்பர்கள் நால்வர் சேர்ந்து மாதிரி இரயில் பாதை ஒன்றை அமைத்தோம். உண்மை இரயிலை 87 மடங்கு சிறிதாக்கிய அளவு. இரு தண்டவாளங்களுக்கும் இடையே 16.5 மில்லிமீட்டர். நான்கு மேசைகளைச் சேர்த்துப் போட்டு, எட்டு வடிவில் பாதை போட்டோம். நடுவில் ஒரு பாதை மற்றொன்றைப் பாலத்தின் வழியே கடக்க வேண்டும். கீழே செல்லும் பெட்டி இடிக்காமலிருக்க 8 சென்டிமீட்டர் உயரம் தேவைப்பட்டது. அந்த உயரத்தை 2 மீட்டர் நீளத்திலேயே ஏற்றிவிட்டோம். பார்ப்பதற்கு அது ஒரு மேடாகவே தெரியவில்லை.

மூன்று பெட்டிகளுடன் இயந்திரம் ஒழுங்காக ஏறியது. கூட்டம் சேர்ந்ததும் எனக்கு ஆசை அடங்கவில்லை. ஆறு பெட்டிகளை மாட்டினேன். பாதி ஏற்றத்தில் சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழன்றன. விரலால் மெல்லத் தள்ளிவிட்டேன். உச்சியைத் தொட்டதும் கொக்கி கழன்றது. இயந்திரம் அங்கேயே நின்றுவிட்டது. ஆறு பெட்டிகளும் பின்னோக்கி உருண்டு, வளைவில் தடம்புரண்டு, தரையில் விழுந்தன. ஒன்று உடைந்தே போயிற்று. முன்னால் நின்ற சிறுவன் ஒருவன் கைதட்டினான். விரிவுரையாளர் மட்டும் சிரிக்காமல், “ஏற்றம் எத்தனை விழுக்காடு?” என்று கேட்டார். மூன்றாண்டுகள் பொறியியல் படித்திருந்த என்னிடம் பதில் இல்லை. நான் அதைக் கணக்கிட்டே பார்த்திருக்கவில்லை.

நான்கு பெயர், ஒரே கணக்கு

தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு அறிவியலில் இதைச் ‘சாய்தளம்’ என்று படித்தேன். இடைநிலைப்பள்ளியில் அதுவே ‘சாத்தா சோண்டோங்’ ஆனது. பல்கலைக்கழகத்தில் ‘கிரேடியண்ட்’. தாத்தாவோ ‘வாட்டம்’ என்பார். குளியலறைத் தரையில் தண்ணீர் ஓடுவதற்காகக் கொத்தனார் வைக்கும் அதே வாட்டம்தான். நான்கு சொற்களும் எனக்குத் தெரியும்; கணக்கைத்தான் மறந்துவிட்டேன்.

கணக்கு எளிது. பாதை 100 மீட்டர் செல்வதற்குள் 1 மீட்டர் உயர்ந்தால் அது 1 விழுக்காடு. பிரிட்டிஷார் வழக்கில் ‘நூற்றுக்கு ஒன்று’. எங்கள் மேசையில் 200 சென்டிமீட்டருக்கு 8 சென்டிமீட்டர், அதாவது 4 விழுக்காடு அல்லது 25-க்கு ஒன்று. சாய்வு என்பது ஒரு விகிதம். எனவே பாதையை 87 மடங்கு சிறிதாக்கினாலும் 4 விழுக்காடு 4 விழுக்காடாகவே இருக்கும். இரயிலைச் சிறிதாக்கலாம், சாய்வைச் சிறிதாக்க முடியாது.

பலமே பலவீனம்

சாலையில் 4 விழுக்காடு ஒரு பொருட்டல்ல. இரயிலுக்கு மட்டும் ஏன் அது மலையாகிறது? இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் மிக எளிதாக உருளும். சமதளத்தில் 1 டன் எடையை மெதுவாக நகர்த்த ஏறக்குறைய 2 கிலோ விசை போதும். லாரியின் இரப்பர்ச் சக்கரத்துக்கு இதைப்போல் பல மடங்கு வேண்டும். இரயில் சிக்கனமான வாகனமாக இருப்பதன் இரகசியம் இதுவே.

ஆனால் 1 விழுக்காடு ஏற்றத்தில் புவியீர்ப்பு ஒவ்வொரு டன்னையும் 10 கிலோ விசையுடன் பின்னால் இழுக்கும். 2 கிலோ இப்போது 12 கிலோ ஆகிவிட்டது, ஆறு மடங்கு! 80 டன் எடையுள்ள இயந்திரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். உலர்ந்த தண்டவாளத்தில் அதன் சக்கரப் பிடிப்பு எடையில் கால் பங்கு என்று வைத்தால், அது 20 டன் விசையுடன் இழுக்கலாம். இயந்திரத்தையும் சேர்த்து, 1 விழுக்காடு ஏற்றத்தில் சுமார் 1,660 டன் இழுக்கும். 2 விழுக்காட்டில் 900 டன். 4 விழுக்காட்டில் 480 டன்கூட இல்லை. என் ஆறு பெட்டிகள் ஏன் ஏறவில்லை என்பது இப்போது விளங்கியிருக்கும்.

இதுவும் உலர்ந்த நாளின் கணக்குதான். மழையில் அந்தப் பிடிப்பும் குறையும். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள், இயந்திரத்துக்கும் அப்படித்தான். அதனால்தான் இரயில் இயந்திரங்களில் மணல் பெட்டி உண்டு. சக்கரம் வழுக்கும் இடத்தில் தண்டவாளத்தின் மீது மணல் தூவிக்கொண்டு ஏறும்.

கல்லை நம்பிய கதை

ஏற முடியாமல் நிற்பது ஒரு தொல்லை. அதைவிடப் பெரிய ஆபத்து பின்னோக்கி உருள்வது. 1889 ஜூன் 12-ஆம் நாள் அயர்லாந்தின் ஆர்மா நகரிலிருந்து ஞாயிறு வகுப்புப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஓர் உல்லாசப் பயண இரயில் புறப்பட்டது. அங்கிருந்த ஏற்றம் 75-க்கு ஒன்று, அதாவது 1.3 விழுக்காடு. 15 பெட்டிகளை இழுத்த இயந்திரம் உச்சிக்குச் சற்று முன்னால் திணறி நின்றது. முன்னால் உள்ள 5 பெட்டிகளை மட்டும் முதலில் கொண்டுசெல்வது என்று முடிவு செய்து, பின்னால் உள்ள 10 பெட்டிகளைக் கழற்றினார்கள்.

அந்தக் கால பிரேக், இயந்திரத்துடன் இணைந்திருக்கும்வரைதான் வேலை செய்யும். கழற்றியதும் 10 பெட்டிகளுக்கும் மிஞ்சியது கடைசிப் பெட்டியின் கைப்பிரேக்கும், சக்கரங்களுக்கு அடியில் வைத்த கற்களும்தான். முன்பகுதி புறப்படும்போது சற்றே பின்வாங்கி இடித்தது. கற்கள் நொறுங்கின. 10 பெட்டிகளும் உருண்டு, பின்னால் வந்துகொண்டிருந்த மற்றோர் இரயிலுடன் மோதின. 80 பேர் மாண்டார்கள். அவர்களில் பலர் சிறுவர்கள்.

அதே ஆண்டில் பிரிட்டன் சட்டம் இயற்றியது. பயணிகள் இரயில் பெட்டி ஒவ்வொன்றிலும் தானியங்கி பிரேக் கட்டாயமாயிற்று. இணைப்பு அறுந்தால் இந்தப் பிரேக் தானாகவே சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் மேசையில் நடந்ததும் இதுவேதான். என் பெட்டிகளில் ஆள் இல்லை. அது ஒன்றுதான் வேறுபாடு.

மேட்டை இறக்குவது

செங்குத்தான மலையில் இரயில் ஏறவே முடியாதா? முடியும், ஆனால் சக்கரப் பிடிப்பை மட்டும் நம்ப முடியாது. நீலகிரி மலை இரயில் பாதையில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே ஏற்றம் 8 விழுக்காட்டைத் தாண்டுகிறது. அங்கே தண்டவாளங்களுக்கு நடுவில் பற்சட்டம் பதித்திருக்கிறார்கள். இயந்திரத்தின் பற்சக்கரம் அதைக் கடித்துக்கொண்டு ஏறுகிறது. இயந்திரம் பெட்டிகளுக்குக் கீழ்ப்புறம் நின்று தள்ளுவது இன்னொரு பாதுகாப்பு. பெட்டிகள் தனியே உருண்டு ஓட வழியில்லை. 1923-இல் ஓடத் தொடங்கிய நமது பினாங்கு கொடிமலை இரயிலோ சக்கரப் பிடிப்பைக் கைவிட்டு, எஃகுக் கயிற்றை நம்பியது.

நெடுந்தூர இரயிலுக்கு இவை ஒத்துவரா. அதற்கு வழி என்ன என்று தாத்தாவிடம் கேட்டேன். அவர் பதில் இது: “ரயிலு மேடு ஏறாது ஐயா. நாமதான் மேட்ட எறக்கிக் குடுக்கணும்.” மலையை வெட்டுவது, பள்ளத்தை நிரப்புவது, சுற்றி வளைத்து நீளத்தைக் கூட்டுவது, கடைசியில் குடைந்தே செல்வது, எல்லாம் இந்த ஒரு வாக்கியத்தில் அடக்கம். 1885-இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு ஓடிய முதல் பாதை கடலோரச் சமவெளியில் அமைந்தது. தைப்பிங்கிலிருந்து தெற்கே மலையைக் கடந்த பழைய பாதையோ வளைந்து நெளிந்து சென்றது. அந்தப் பாதையில்தான் தாத்தா சம்மட்டி பிடித்தார். இரட்டைத் தண்டவாளத் திட்டத்தில் அதே இடத்தில் ஏறக்குறைய 3 கிலோமீட்டர் நீளச் சுரங்கம் வந்துவிட்டது. கிழக்குக்கரை இரயில் திட்டத்தின் கெந்திங் சுரங்கம் 16.39 கிலோமீட்டர் நீளம். இத்தனை செலவும் அந்த ஓரிரு விழுக்காட்டுக்காகத்தான்.

மீண்டும் மேசைக்கு

தாத்தாவின் சொல்லை அப்படியே பின்பற்றினோம். மேசைமேல் கனமான நுரைப்பலகையைப் பரப்பினோம். பாலத்துக்கு அடியில் செல்லும் பாதையை 4 சென்டிமீட்டர் தாழ்த்தி, மேல்பாதையை 4 சென்டிமீட்டர் மட்டும் உயர்த்தினோம். ஏற்றத்தின் நீளம் 4 மீட்டராயிற்று. சாய்வு 2 விழுக்காடாகக் குறைந்தது. ஏற்றத்தின் தொடக்கத்திலும் உச்சியிலும் முறிவு இல்லாமல் சிறிது சிறிதாகச் சாய்வை மாற்றினோம். சென்ற ஆண்டு கொக்கி கழன்றது அந்த முறிவினால்தான். வளைவும் இரயிலைப் பிடித்து இழுக்கும் என்பதால், வளைவு வரும் இடத்தில் ஏற்றத்தை இன்னும் குறைத்தோம். உண்மை இரயில் பாதையிலும் இப்படித்தான் செய்கிறார்கள்.

இவ்வாண்டு கண்காட்சியில் ஆறு பெட்டிகளும் ஏறின. விரிவுரையாளர் கேட்பதற்கு முன்பே பாதையின் ஓரத்தில் ஒரு சிறு அட்டையை நட்டு வைத்திருந்தேன். அதில் ‘வாட்டம்: 50-க்கு 1’ என்று தமிழில் எழுதியிருந்தேன். தாத்தா அதைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. குனிந்து, கண்ணைத் தண்டவாளத்தின் மட்டத்துக்குக் கொண்டுவந்து, ஒரு கண்ணை மூடி, நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.