முப்புரி இழை: ஜி. என். இராமச்சந்திரனின் ஆராய்ச்சி வாழ்வு

துறைமுகப் பட்டினத்தில் வாழும் நமக்குக் கயிற்றின் இயல்பை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. தனித்த நார் சிறு இழுப்புக்கும் அறும். நாரை முறுக்கிப் புரியாக்கி, அத்தகைய மூன்று புரிகளை எதிர்ப்புறமாக முறுக்கிச் சேர்த்தால், கப்பலையும் கட்டி நிறுத்தும் வடம் உண்டாகும். முறுக்குகள் ஒன்றையொன்று எதிர்ப்பதனாலேயே அது பிரியாது நிற்கின்றது. இவ்வுபாயத்தை மனிதன் அறிவதற்குப் பலகோடி ஆண்டுகளுக்கு முன்னரே உயிரினங்களின் உடல் கையாண்டு வந்தது. தோல், எலும்பு, தசைநாண், குருத்தெலும்பு என்பவற்றைத் தாங்கி நிற்கும் கொலாஜன் என்னும் புரதம் அத்தகையதொரு முப்புரி வடமாகும். அது முப்புரி என்பதைச் சென்னையிலிருந்து உலகுக்கு உரைத்தவர் பேராசிரியர் ஜி. என். இராமச்சந்திரன்.

திருநெல்வேலிச் சீமையிலுள்ள கோபாலசமுத்திரம் என்னும் ஊரைத் தம் பெயரின் முதலெழுத்தாகத் தாங்கிய அவர், 1922ஆம் ஆண்டு ஒக்டோபர் 8ஆம் நாள் எர்ணாகுளத்திற் பிறந்தார். தந்தையார் அங்கு மகாராஜா கல்லூரியிற் கணிதப் பேராசிரியர். திருச்சி தூய வளனார் கல்லூரியிற் பௌதிகம் பயின்று, 1942இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் மின்பொறியியல் மாணவராகச் சேர்ந்தார். சேர் சி. வி. இராமன் அவரை அத்துறையினின்றும் பௌதிகத்திற்கு இழுத்துக்கொண்டார். மின்பொறியியலுக்கு இஃது இழப்பே; ஆயினும் அதற்காக வருந்துவார் எவருமிலர். பின்னர், கேம்பிறிட்ஜில் 1947 முதல் 1949 வரை பளிங்கியல் ஆராய்ச்சி செய்து கலாநிதிப் பட்டம் பெற்று மீண்டார்.

1952இல், முப்பது வயதை அண்மித்திருந்த அவரைச் சென்னைப் பல்கலைக்கழகம் பௌதிகத் துறைக்குத் தலைவராக்கியது. துணைவேந்தராயிருந்தவர் ஏ. இலட்சுமணசுவாமி முதலியார். அவ்வாண்டிலே சென்னைக்கு வந்த ஆங்கிலேய விஞ்ஞானி பெர்னால், கொலாஜனின் அமைப்பு இன்னும் அறியப்படாதிருத்தலைச் சுட்டிக்காட்டினார். இராமச்சந்திரனும் அவர்தம் உதவியாளர் கோபிநாத் கர்த்தாவும் அவ்வினாவைப் பற்றிக்கொண்டனர். கங்காருவின் வால் நாணிலிருந்து பெற்ற இழையில் எக்ஸ் கதிரைச் செலுத்தி, அது சிதறிப் பதிந்த புள்ளிகளை ஆராய்ந்தனர்.

புரதம் என்பது அமினோ அமிலங்கள் சங்கிலிபோற் கோக்கப்பட்டதொன்று. கொலாஜனில் அவ்வமிலங்களுள் ஏறக்குறைய மூன்றிலொன்று கிளைசீன். எல்லா அமினோ அமிலங்களினும் மிகச் சிறியது அது. மூன்றிலொரு பங்கு ஏன் என்பதே திறவுகோலாயிற்று. மூன்று சங்கிலிகள் அருகருகே நிற்குமாயின், நடுவிலுள்ள இடம் மிக ஒடுங்கியது. அங்கே கிளைசீன் ஒன்றே அடங்கும். எனவே ஒவ்வொரு சங்கிலியிலும் மூன்றாம் இடந்தோறும் கிளைசீன் வருதல் வேண்டும். இம்முப்புரிக் கருத்தை 1954இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டனர். மூன்று சங்கிலிகளும் ஒன்றையொன்று சுற்றி முறுகியுள்ளன என்னும் திருத்திய வடிவத்தை 1955இல் அதே இதழில் வெளியிட்டனர். தனிச்சங்கிலி இடப்புறமாகவும், மூன்றுஞ் சேர்ந்த வடம் வலப்புறமாகவும் முறுகி நிற்கின்றது.

இவ்வடத்தின் உறுதி நம் துறைமுக வரலாற்றிலும் இடம்பெற்றதொன்று. பாய்மரக் கப்பல்களில் நெடுநாட் சென்ற மாலுமிகள், முரசு வீங்கி, பழைய புண்கள் மீண்டும் வாய்திறந்து இறந்தனர். அந்நோய் ஸ்கேவி எனப்படும். கொலாஜனிலுள்ள புரோலின்களிற் சில ஐதரொட்சிப்புரோலின் ஆக மாறினாலன்றி முப்புரி உடல்வெப்பத்தில் நிலைக்காது. அம்மாற்றத்திற்கு உயிர்ச்சத்து சி இன்றியமையாதது. திருகோணமலையை ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றிய 1795ஆம் ஆண்டே, அவர்தம் கடற்படை தன் மாலுமிகளுக்குத் தேசிச்சாறு வழங்க இசைந்த ஆண்டுமாகும். சாறு எதனைக் காத்தது என்பதை அன்று எவரும் அறிந்திலர்.

சென்னை அறிஞரின் வெற்றி எதிர்ப்பின்றி நிலைக்கவில்லை. அதே 1955இல் ரிச், கிரிக் என்னும் இருவர், இராமச்சந்திரனின் அமைப்பிற் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியுள்ளன என்றனர். மும்மூன்று அமிலங்களுக்கு இரண்டு ஐதரசன் பிணைப்புகள் என்று அவர் கொண்டதை மறுத்து, ஒன்றே என்றும் வாதித்தனர். கிரிக், டி.என்.ஏ.யின் அமைப்பை வெளியிட்டுப் புகழ்பெற்றிருந்த காலம் அது. நடுநிலையாகக் கூறுமிடத்து, பிணைப்பின் தொகையில் அவ்விருவர் கூற்றே நிலைத்தது. 1994இல் வெளியான நுண்ணிய பளிங்கு ஆய்வும் அதனை உறுதிசெய்தது. மூன்று சங்கிலிகள், மூன்றாம் இடத்துக் கிளைசீன், ஒன்றையொன்று சுற்றிய முறுக்கு என்னும் அடிப்படைகளோ இராமச்சந்திரன் கூறியவாறே நின்றன.

அக்குற்றச்சாட்டு அவரிடத்தில் விளைத்தது வேறொன்று. ‘அளவுக்கு மீறிய நெருக்கம்’ எனின், அந்த அளவு யாது? அதனை எவரும் ஒழுங்காக வரையறுத்திலர். வெளியாகியிருந்த பளிங்கமைப்புகளை எல்லாம் துருவி, எவ்வெவ் வணுக்கள் எவ்வளவு அண்மையில் நிற்கக் கூடும் என அவரும் மாணவரும் அட்டவணைப்படுத்தினர். பின்பு, சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன், புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கணுவிலும் சுழலத்தக்க இரண்டு கோணங்களை எடுத்துக்கொண்டார். ஃபை, சை என்பன அக்கோணங்களின் பெயர்கள். ஒன்றைக் கிடையச்சிலும் மற்றொன்றை நிலைக்குத்தச்சிலும் இட்டு, அணுக்கள் முட்டிக்கொள்ளாத கோணச் சேர்க்கைகளைக் குறித்தபோது, பரப்பின் பெரும்பகுதி விலக்கப்பட்டதாகவும், சில தீவுகள் மட்டும் இசைந்தனவாகவும் தோன்றின. கடல்வரைபடத்திற் பாறையும் ஆழமும் குறித்துக் கப்பல் செல்லும் வழியைக் காட்டுவது போன்றது இது. பாலிங் கண்ட ஆல்ஃபா சுருள், பீட்டா தகடு ஆகியன அத்தீவுகளிலேயே விழுந்தன. 1963இல் வெளியான அப்படமே இன்று உலகெங்கும் ‘இராமச்சந்திரன் படம்’ எனப்படுவது. வேண்டிய கணக்கீடுகள் மேசைக் கணிப்பொறியின் கைப்பிடியைச் சுற்றியே பெரும்பாலும் செய்யப்பட்டன என்பதை இக்காலத்து மாணவர் கருதுவாராக.

இன்றும் ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டதாகக் கூறுபவர், அது அப்படத்திற்கு இணங்குகின்றதா என்று காட்டுதல் வழக்கம். கணினியே புரத வடிவை முன்னறிந்துகூறும் முறைக்கு 2024இல் இரசாயன நோபல் பரிசிற் பங்கு கிடைத்தது. அவ்வாறு கூறப்படும் வடிவங்களும் இச்சோதனைக்குத் தப்புவதில்லை.

பெங்களூர் மீண்டு அங்கு மூலக்கூற்று உயிர்ப்பௌதிகப் பிரிவை நிறுவிய அவர், 1971இல் ஏ. வி. இலட்சுமிநாராயணனுடன் சேர்ந்து, பல திசைகளில் எடுத்த எக்ஸ் கதிர்ப் படங்களிலிருந்து உள்ளுறுப்பின் உருவத்தைச் சுருங்கிய கணக்கினால் மீட்கும் முறையை வெளியிட்டார். வைத்தியசாலைகளிலுள்ள சீ.டி. கருவிகளில் இவ்வகைக் கணக்கே பின்னர் பெருவழக்காயிற்று. 1977இல் இலண்டன் றோயல் சங்கம் அவரை அங்கத்தவராக ஏற்றது. நோபல் பரிசு வரவில்லை. வந்திருத்தல் வேண்டும் என்பது இக்கட்டுரையாளன் கருத்து. பிற்காலத்திற் கணிதத் தருக்கத்திலும், சமணரின் சியாத்வாத நியாயத்திலும் மனம் ஈடுபட்டார். பார்க்கின்சன் நோய் அவரை வாட்டியது. 1998இல் மனைவியாரை இழந்தார். அடுத்த ஆண்டு சர்வதேசப் பளிங்கியற் சங்கத்தின் ஏவால்ட் பரிசு அவருக்கு அளிக்கப்பட்டது. 2001 ஏப்ரல் 7ஆம் நாள் சென்னையிற் காலமானார்.

மேல்வகுப்பு மாணவர் அப்படத்தின் உட்பொருளைத் தாமே கண்டுகொள்ளலாம். ஒரு களிமண் உருண்டையில் மூன்று ஈர்க்குகளை ஒன்றுக்கொன்று ஏறக்குறைய 110 பாகைச் சாய்வில் குத்துக. இரண்டின் நுனியில் தடித்த அட்டைகளை ஒவ்வொன்றாகப் பொருத்துக. மூன்றாவதன் நுனியில் ஒரு கொட்டைப்பாக்கைச் செருகுக. அட்டைகள் புரதத்தின் தட்டையான பிணைப்புகள், பாக்கு, பக்கக்கிளை. ஒவ்வோர் அட்டையையும் அதனதன் ஈர்க்கை அச்சாகக்கொண்டு முப்பது முப்பது பாகையாகத் திருப்பி, முட்டும் நிலைக்குப் புள்ளடியும் முட்டாத நிலைக்கு வட்டமும் வரைபுத்தாளில் இடுக. பின்னர்ப் பாக்கை அகற்றிவிட்டு மீண்டும் செய்க, வட்டங்கள் பெருகும். கிளைசீனின் நிலை அதுவே.