திருச்சுழியில் எழுதும் எஃப்.ஐ.ஆர். கடல் தாண்டும்

அன்புள்ள தம்பி,

திருச்சுழியில் எஸ்.ஐ.யாகப் பொறுப்பேற்றதில் மகிழ்ச்சி. "இன்டர்போல், வெளிநாட்டுப் போலீஸ் எல்லாம் நம்ம ஸ்டேஷனுக்கு எதுக்கு அண்ணே?" என்று கேட்டிருந்தாய். மதுரையிலிருந்து தூத்துக்குடி போகும் நான்குவழிச் சாலை அருப்புக்கோட்டை வழியாகத்தான் போகிறது. பீடி இலையும் மஞ்சளும் இலங்கைக்குக் கடத்தப்படுவது தூத்துக்குடி, ராமநாதபுரம் கரைகளிலிருந்து. கரிசல் காட்டில் வேலை பார்க்கும் நமக்கும் கடல் பக்கம்தான்.

2020 ஜூலையில் கோவையில் ஒருவர் இறந்தார். ஆதாரில் பெயர் பிரதீப் சிங். உடலை மதுரைக்குக் கொண்டுவந்து எரித்தார்கள். ஆதார் போலி என்பதும், இறந்தவர் இலங்கைப் போலீஸ் தேடிய அங்கொட லொக்கா என்பதும் பிறகே தெரிந்தன. இரு நாடுகளுக்கும் இடையே எத்தனை ஒப்பந்தம் இருந்தாலும், வாடகைக்கு வந்த புது ஆளை விசாரிக்க வேண்டியது உள்ளூர் ஸ்டேஷன்தான்.

இன்டர்போலின் முன்னோடி அமைப்பு 1923இல் வியன்னாவில் பிறந்தது. இந்தியா 1949இல் சேர்ந்தது. ஐரோப்பாவில் 1990ஆம் ஆண்டின் ஷெங்கன் உடன்படிக்கை, குற்றவாளியைத் துரத்தும் போலீஸ் சில நிபந்தனைகளோடு பக்கத்து நாட்டுக்குள் நுழையவே வழிசெய்தது. நமக்கு அது இல்லை. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 45ஆம் பிரிவுப்படி இந்தியாவுக்குள் எங்கும் துரத்தலாம். தனுஷ்கோடிக்கு அப்பால் உன் காகிதம் மட்டுமே போகும். தகவல் கேட்க சி.பி.ஐ. வழியாக இன்டர்போல், சாட்சியம் பெற, 2010இல் இலங்கையோடு கையெழுத்தான சட்ட உதவி ஒப்பந்தம். 2025 ஜனவரியில் வந்த பாரத்போல் தளம் முதல் வழியை விரைவாக்கியிருக்கிறது.

காகிதத்தின் பலத்துக்கு ஒரு சான்று சொல்கிறேன். அரியலூர் மாவட்டம் சுத்தமல்லி கோயில் சிலைத் திருட்டில் தேடப்பட்ட சுபாஷ் கபூர் 2011இல் ஜெர்மனியில் பிடிபட்டு, 2012இல் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டான். 2022இல் கும்பகோணம் நீதிமன்றம் பத்தாண்டு சிறை விதித்தது. ஒரு கிராமத்துக் கோயில் வழக்குதான் அது. அதனால் மகஜரில் நேரம், சாட்சி, சரக்கின் அடையாளம் எதையும் விட்டுவிடாதே. விரல்ரேகையைத் தெளிவாக எடு. பெயர், தகப்பன் பெயர், பாஸ்போர்ட் எண்ணை ஒருமுறைக்கு இருமுறை சரிபார். அயல்நாட்டு நீதிபதிக்கு உன்னைத் தெரியாது. உன் எழுத்தைத்தான் படிப்பார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் மாவட்டத்தில் குல்லூர்சந்தையில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. உயிர் தப்பி வந்தவர்களும் கடத்தல்காரனும் கடந்தது ஒரே கடலை. அந்த ஒரு காரணத்துக்காக முகாமில் இருப்பவர்களைச் சந்தேகப் பட்டியலில் வைக்காதே. அரசியல், ராணுவம், மதம், இனம் சார்ந்த விஷயங்களில் தலையிட இன்டர்போலுக்கே அதன் சாசனம் தடை போட்டிருக்கிறது. அந்த வரம்பை நீயும் மதி.

இன்று பதிவாகும் வழக்கையே கொழும்பிலும் ஒருவர் படிப்பார் என்ற நினைப்போடு எழுது.

அன்புடன்,
உன் அண்ணன்