பார்த்தோமா, கண்டோமா?

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!

நண்பர்களே, இன்னைக்குக் கதை இல்லை. ரெண்டே ரெண்டு சொல்தான்: பார், காண்.

ரெண்டும் ஒண்ணுதானேன்னு தோணும். ஆனா கோயில்ல நாம பேசுறதைக் கவனிங்க. "திருச்செந்தூர்ல முருகன் காட்சி கொடுக்கிறார்"னு சொல்றோம். அதையே "பார்வை கொடுக்கிறார்"னு சொன்னா, கண் தெரியாதவங்களுக்குக் கண் கொடுக்கிறார்னு அர்த்தம் மாறிடும். காண் என்பதிலிருந்து வந்ததுதான் காட்சி. காட்டு என்பதும் அதே குடும்பம். பார்க்கிறது நம்ம வேலை. முன்னால நிக்கிறவர் தோளுக்கு மேல எட்டிக்கூடப் பார்க்கலாம். காணணும்னா அவன் காட்டணும். தீபாராதனை நேரத்துல தூக்கிப் பிடிக்கிற போனும்தான் பார்க்குது. அது காணுதான்னு நீங்களே சொல்லுங்க.

அப்போ பார்வை யாருடையது? பக்தியில அது பெரும்பாலும் அவனுடையது. அருட்பார்வை, கடைக்கண் பார்வை. கடாட்சம்னாலும் கடைக்கண் பார்வைதான். அதுல வர்ற 'அட்சம்' கண்ணைக் குறிக்கிற வடசொல். ருத்ராட்சத்துலயும் மீனாட்சியிலயும் இருக்கிறது அந்தக் கண்தான். பாட்டிமார் "முருகா, நீ பார்த்துக்கோப்பா"ன்னு சொல்றாங்களே, அங்கே பார்க்கிறதுன்னா காப்பாத்துறது. ஆறு முகமும் பன்னிரண்டு கண்ணும் உள்ளவன்கிட்ட சொல்ல இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியலை.

ஒரு வேடிக்கை சொல்றேன். தமிழ்நாட்டுப் பேச்சுல 'காண்' ரொம்பக் குறைஞ்சுபோச்சு. மிச்சம் இருக்கிறது எங்கே? "செருப்பைக் காணோம்", "சாவி காணாமப் போச்சு." பொருள் தொலைஞ்சாதான் அந்தச் சொல் வாயில வருது! இலங்கைத் தமிழர் பேச்சுல அது இன்னும் உயிரோட இருக்கு. "நேற்று அவரைக் கண்டனான்"னு சாதாரணமாச் சொல்வாங்க.

அந்த இலங்கையிலதான் கதிர்காமம் இருக்கு. அங்கே கருவறைக்குள்ள என்ன இருக்குன்னு பக்தர்கள் பார்க்கவே முடியாது. முன்னால ஒரு திரை. அதுல வள்ளி தெய்வானையோட மயில்மேல் இருக்கும் முருகனின் ஓவியம். கும்பிடுறது அந்தத் திரையைத்தான். பூசை செய்யும் கப்புறாளைமார் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு மௌனமாகச் செய்வார்கள். திருவிழாவில் யானைமேல் வருவதும் மூடிய பேழைதான். இதுக்காக யாழ்ப்பாணத்திலிருந்து வாரக்கணக்கில் நடந்தே வருகிறார்கள். அப்படி நடந்து வந்த ஒருவரிடம் "என்ன பார்த்தீங்க?"ன்னு கேட்டா, திரையைத்தான் சொல்லமுடியும். "கண்டீங்களா?"ன்னு கேட்டுப் பாருங்க.

எங்க தெருவுல ஒரு அண்ணன் இருக்கார், பிறவியிலேயே கண் தெரியாது. கிருத்திகை தவறாம எங்களோட வடபழனிக்கு வருவார். மணி அடிச்சதும் கை ரெண்டும் தலைக்கு மேல போயிடும். வெளியே வந்து விபூதியைப் பூசிக்கிட்டே, "இன்னைக்கு நல்ல தரிசனம்டா தம்பி"ம்பார். எங்கள்ல யாருமே அதை மறுத்ததில்லை.

ஓம் சரவணபவ