பிழை பொறுக்கும் வரியும் பொறுக்காத வரியும்

லினக்ஸ் கணினியின் பொத்தானை அமுக்கியதற்கும், பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்கும் பெட்டி திரையில் தோன்றுவதற்கும் இடையே கழிகிற சில விநாடிகளில், அந்த யந்திரம் மனிதர் எழுதிவைத்த இரண்டு குறிப்புகளைப் படித்து அவற்றின்படி நடந்துகொள்கிறது. ஒன்று, கிரப் என்னும் துவக்க நிரல் கர்னலின் கையில் கொடுத்தனுப்பும் ஒற்றை வரி. மற்றொன்று, இடிசி அடைவில் எஃப்எஸ்டேப் என்ற பெயரோடு இருக்கும் அட்டவணை. வட்டின் எந்தப் பகுதியை எந்த இடத்தில் என்னென்ன நிபந்தனைகளோடு மவுண்ட் செய்ய வேண்டும் என்பதை அது வரிக்கு ஒன்றாகச் சொல்கிறது. புதிதாக வருகிறவர்கள் இவ்விரண்டையும் ஒரே ஜாதியென்று எண்ணி, எங்கோ கண்ட சொற்களையெல்லாம் இரண்டிலும் ஒரே தைரியத்தோடு சேர்த்துவிடுகிறார்கள். சுபாவத்திலோ இவை நேர் எதிரானவை.

கர்னல் வரியில் ஒரு சொல்லைப் பிழையாக அடித்துவிட்டால் கர்னல் கோபித்துக்கொள்வதில்லை; தனக்கு விளங்காத சொல்லைத் தனக்குப் பின் எழும் முதல் நிரலின் பக்கம் தள்ளிவிட்டுத் தன் காரியத்தைப் பார்க்கப் போய்விடுகிறது. இந்தப் பொறுமையில் ஒரு விஷமம் உண்டு: நாம் விரும்பிய மாற்றம் நடக்காமலிருக்க, நடந்துவிட்டதாகவே மாதக்கணக்கில் நம்பிக்கொண்டிருப்போம். எஃப்எஸ்டேப்பில் அதே பிழையைச் செய்தால், ஈஎக்ஸ்டி4 போன்ற கோப்பு முறைமை அறியாத சொல்லைக் கண்டவுடன் மவுண்ட் ஆக மறுத்துவிடும். அந்தப் பகுதி அவசியமானதென்று குறிக்கப்பட்டிருந்தால், கணினி பாதி வழியில் நின்று அவசரநிலைத் திரையைக் காட்டும். ஆகையால் ஒரு சொல்லைத் தேர்ந்தெடுக்குமுன், அது எந்த வரிக்கு உரியது, பிழைத்தால் அந்த வரி நம்மை என்ன செய்யும் என்று கேட்டுக்கொள்வது நல்லது. (இங்கே தமிழெழுத்தில் வரும் கட்டளைச் சொற்களைக் கணினியில் ஆங்கில எழுத்திலேயே அடிக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை, ஆயினும் சொல்லிவைக்கிறேன்.)

முதலில் கர்னல் வரியை எடுத்துக்கொள்வோம். இதில் ஒரு மாற்றத்தைச் செய்ய இரண்டு மார்க்கங்கள் உள்ளன. கிரப்பின் பட்டியல் திரையில் நிற்கும்போது 'இ' விசையை அமுக்கி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் இறுதியில் வேண்டிய சொல்லைச் சேர்த்து, கன்ட்ரோல்-எக்ஸ் அமுக்கினால், அந்த மாற்றம் அந்த ஒரு தடவைக்கு மட்டுமே செல்லும். அடுத்த முறை கணினி பழைய வரியோடேயே எழும். மாறாக, இடிசி அடைவில் டிஃபால்ட் என்பதற்குள் இருக்கும் கிரப் கோப்பில் எழுதி, டெபியன் வகையில் அப்டேட்-கிரப் என்ற கட்டளையை இயக்கினால் மாற்றம் நிரந்தரமாகிவிடும். இவ்விரண்டில் முன்னதையே எப்போதும் முதலில் கைக்கொள்ள வேண்டும் என்பது என் அபிப்பிராயம். தவறினால் பொத்தானை அமுக்கி அணைத்து எழுப்புவதைத் தவிர வேறு பரிகாரம் வேண்டாத சௌகரியம், கணினியின் வேறெந்தப் பகுதியிலும் இவ்வளவு எளிதாகக் கிடைப்பதில்லை. எழுந்த பிறகு, ப்ராக் அடைவிலுள்ள சிஎம்டிலைன் என்ற கோப்பைத் திறந்தால், கர்னல் தான் பெற்ற வரியை அப்படியே காட்டும். அதை எந்தப் பயனரும் படிக்கலாமாதலால் ரகசியங்களை அந்த வரியில் வைப்பது தகாது.

இனிச் சொற்களுக்கு வருவோம். க்வயட், ஸ்பிளாஷ் என்ற இரண்டும் பல விநியோகங்களில் முன்னமே இருக்கும். எழும்போது ஓடும் செய்திகளை மறைத்து அழகான படமொன்றைக் காட்டுவது அவற்றின் தொழில். நோயில்லாத நாளில் அவை இருக்கட்டும்; கணினி எழாமல் தடுமாறும் நாளில் முதலில் நீக்க வேண்டியவையும் அவையே, ஏனெனில் கர்னல் கடைசியாக எதைச் செய்ய முயன்று நின்றது என்பதை அந்தப் படம்தான் மறைத்துக்கொண்டிருக்கும். நோமோட்செட் என்பது திரை கறுத்துவிடும் புதிய கிராஃபிக்ஸ் அட்டைகளுக்கு அவசர மருந்து. திரையின் அளவை அமைக்கும் பொறுப்பைக் கர்னலிடமிருந்து பறித்துவிடுவதால் கணினி எப்படியாவது எழும். ஆனால் படம் வரையும் வேலை மந்தமாகி, அட்டையின் பலமெல்லாம் வீணாகும். சரியான டிரைவரை நிறுவும் வரைக்கும்தான் இது. ஆண்டுக்கணக்காக இதை நிரந்தரமாக எழுதிவைத்துக்கொண்டு, 'லினக்ஸில் வீடியோ சரியாக ஓடாது' என்று சாதிப்பவர்களை நான் அறிவேன்.

மிட்டிகேஷன்ஸ்=ஆஃப் என்பதைப் பற்றிச் சற்று நின்று யோசிக்க வேண்டும். 2018 ஜனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்னும் இரண்டு குறைகள் வெளியாயின. செயலி, அடுத்து என்ன கட்டளை வரும் என்று ஊகித்து முன்கூட்டியே செய்துவைக்கும் பழக்கத்தின் வழியே, ஒரு நிரல் தனக்கு உரிமையில்லாத நினைவகத்திலுள்ளதை அறிந்துகொள்ளலாம் என்பது தெரியவந்தது. அதற்கு எதிராகக் கர்னலில் அடுத்தடுத்துக் கட்டப்பட்ட காப்புகளையெல்லாம் ஒரே சொல்லால் நிர்வகிக்க 2019-இல், 5.2 பதிப்பில், இந்தத் தெரிவு வந்தது. இயல்பான நிலை ஆட்டோ. அதனினும் கடுமையானது, ஒரே செயலி மையம் இரண்டாகத் தோன்றும் வசதியையும் தேவைப்பட்டால் அணைத்துவிடும் ஆட்டோ,நோஎஸ்எம்டி. எல்லாக் காப்பையும் கழற்றுவது ஆஃப். வேகம் கிடைக்கும் என்ற ஆசையால் பலர் ஆஃப் எழுதுகிறார்கள். வலையோடு சம்பந்தமின்றி, நாமே எழுதிய கணக்கை மட்டும் இரவும் பகலும் போடும் யந்திரத்திற்கு அது பொருந்தலாம். பிரௌசரைத் திறக்கும் கணினியில், நாம் அறியாதவர் எழுதிய நிரல் ஒவ்வொரு பக்கத்திலும் நம் செயலியின் மேல் ஓடுகிறது என்பதை நினைத்தால், அந்தச் சிறு லாபத்திற்காகக் கதவைக் கழற்றிவைப்பது விவேகமாகத் தோன்றவில்லை. புதிய செயலிகள் சிலவற்றில் இக்காப்புகளுள் பல வன்பொருளிலேயே அமைந்துவிட்டதால் லாபமும் அற்பமே.

எஃப்எஸ்டேப்புக்கு வருவோம். அதிகமான வாதம் நடந்திருப்பது ஏடைம் என்ற சிறு விஷயத்தைப் பற்றி. ஒரு நூலகத்தில், புத்தகத்தை எடுத்துப் பிரித்தவர் ஒவ்வொருவரும் முதல் பக்கத்தில் தேதியைக் குறித்துவிட்டுத்தான் படிக்க வேண்டும் என்று விதித்திருந்தால் எப்படியிருக்கும்? யூனிக்ஸ் மரபில் கோப்புகளுக்கு அந்த விதிதான் இருந்தது. படிப்பது ஒவ்வொன்றும் ஓர் எழுத்து வேலையாயிற்று. இந்தப் பழைய விதியை அப்படியே காப்பது ஸ்ட்ரிக்ட்ஏடைம். அதை அடியோடு விலக்குவது நோஏடைம். இரண்டுக்கும் நடுவே ரெல்ஏடைம்: கோப்பு கடைசியாக மாற்றப்பட்ட பின் முதல் தடவையாகப் படிக்கப்படும்போது, அல்லது பழைய குறிப்புக்கு 24 மணி நேரம் ஆகிவிட்டபோது மட்டுமே அது தேதியைக் குறிக்கும். 2009-இல் வந்த 2.6.30 பதிப்பு முதல் இதுவே இயல்பான நடைமுறை. மட் என்னும் பழைய அஞ்சல் நிரல், ஒற்றைக் கோப்பாக இருக்கும் அஞ்சல் பெட்டியில் புதுக் கடிதம் வந்ததா என்பதை, அது மாற்றப்பட்ட நேரத்தையும் படிக்கப்பட்ட நேரத்தையும் ஒப்பிட்டே அறிந்தது; அத்தகைய நிரல்களைக் கெடுக்காமலே எழுத்து வேலையைக் குறைத்ததுதான் ரெல்ஏடைமின் சாமர்த்தியம்.

ஆகவே, நோஏடைம் எழுதினால் கணினி பறக்கும் என்ற உபதேசம் 2009-க்கு முந்தைய காலத்திற்குப் பொருந்துவது. இன்று சாதாரண வீட்டுக் கணினியில், ரெல்ஏடைமை விட்டு அதற்கு மாறுவதால் மிச்சமாவது கோப்பொன்றுக்கு நாளொன்றுக்கு ஓர் எழுத்து வேலையளவே. ஒரே விலக்கு பிடிஆர்எஃப்எஸ் என்னும் கோப்பு முறைமை. அதில் ஸ்னாப்ஷாட் எடுத்துவைப்பவர்கள் நோஏடைமைத் தயங்காமல் எழுதலாம். அங்கே தேதியை மாற்றுவதும் பழைய பக்கத்தை விட்டுப் புதுப் பக்கத்தில் எழுதுவதாதலால், வெறுமனே படித்ததற்காகவே வட்டு நிரம்பும். 2015-இல் 4.0 பதிப்போடு வந்த லேசிடைம், தேதிகளை நினைவகத்திலேயே வைத்திருந்து, வேறு காரணத்தால் எழுத நேரும்போதோ ஒரு நாள் கழிந்தோ வட்டில் சேர்ப்பது. துல்லியமான தேதியும் வேண்டும், எழுத்தும் குறைய வேண்டும் என்பவர்களுக்கு அது உகந்தது.

ஈஎக்ஸ்டி4-இன் ஜர்னலைப் பற்றிய தெரிவு இதைக் காட்டிலும் கனமானது. நம் பழைய வியாபாரிகள் வரவுசெலவை முதலில் நாள்வழியில் எழுதிப் பின்னரே பேரேட்டில் ஏற்றினார்கள்; நடுவில் விளக்கு அணைந்தாலும் நாள்வழியைப் பார்த்துப் பேரேட்டைச் சரிசெய்துகொள்ளலாம். ஜர்னல் என்பது வட்டின் நாள்வழி. டேட்டா=ஆர்டர்டு என்ற இயல்பான முறையில், கோப்பின் உள்ளடக்கம் அதற்குரிய இடத்தில் எழுதப்பட்ட பிறகே, அந்தக் கோப்பைப் பற்றிய விவரம் நாள்வழியில் உறுதியாகும். டேட்டா=ஜர்னல் என்றால் உள்ளடக்கமும் நாள்வழியில் ஒரு தடவை, இடத்தில் ஒரு தடவை என இருமுறை எழுதப்படும்; பத்திரம் அதிகம், பெரும்பாலும் வேகம் குறைவு. டேட்டா=ரைட்பேக் இந்த வரிசையையே கைவிடுகிறது; மின்சாரம் போய் மீண்ட பிறகு, கோப்பின் பெயரும் அளவும் சரியாக இருக்க, உள்ளே முன்பு எப்போதோ அழித்த வேறொரு கோப்பின் துணுக்கு கிடக்கக்கூடும். இழந்தால் மறுபடி உண்டாக்கிக்கொள்ளக்கூடிய தற்காலிகக் கோப்புகளுக்கன்றி ரைட்பேக்கை நான் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன்.

கமிட்=5 என்பது இயல்பு: ஐந்து விநாடிக்கொருமுறை நாள்வழி உறுதியாகிறது. ஆதலால் நஷ்டம் ஐந்து விநாடிக்கு மேற்படாது என்று கணக்கிடுவது தவறு. ஈஎக்ஸ்டி4 உள்ளடக்கத்திற்கு இடம் ஒதுக்குவதையே தாமதிக்கும் பழக்கமுடையது. எழுதப்படாத பக்கங்கள் அரை நிமிஷம்வரை நினைவகத்தில் தங்கலாம். 2009-இல் இதனால் ஒரு கலகமே விளைந்தது. கணினி திடீரென நின்று எழுந்ததும் பயனர்களின் அமைப்புக் கோப்புகள் வெற்றுக் கோப்புகளாய்க் கிடந்தன. எஃப்சிங்க் என்ற அழைப்பைச் செய்யாத நிரல்களின் குற்றம் அது என்றார் ஈஎக்ஸ்டி4-ஐப் பராமரித்த தியடோர் ஸோ. சட்டப்படி அவர் சொன்னது சரியே. ஆயினும், பழைய கோப்பின்மேல் புதியதைப் பெயர் மாற்றி வைக்கும் சமயங்களில் உள்ளடக்கத்தை உடனே எழுதிவிடும் ஏற்பாட்டையும் அவரே செய்து, அதை இயல்பாகவும் ஆக்கினார். கமிட் எண்ணை 60 என்று உயர்த்தச் சொல்லும் யோசனைகளைக் கேட்பவர்கள், மின்வெட்டு நேர்கிற ஊரில் பேட்டரியில்லாத மேஜைக் கணினியை வைத்திருக்கிறார்களா என்று முதலில் பார்த்துக்கொள்ளட்டும்.

இரண்டு வரிகளும் ஒன்றையொன்று சந்திக்கும் பொறி இங்கேதான் இருக்கிறது. மூலப் பகுதியைக் கர்னல் முதலில் வாசிக்க மட்டும் மவுண்ட் செய்கிறது; சோதனை முடிந்த பின்னரே அது எழுதவும் தக்கதாக ரீமவுண்ட் செய்யப்படுகிறது. டேட்டா முறையையோ ரீமவுண்டின்போது மாற்ற முடியாது. அதனால் மூலப் பகுதிக்கு டேட்டா=ஜர்னல் என்று எஃப்எஸ்டேப்பில் மட்டும் எழுதினால், ரீமவுண்டே தோற்று, வட்டு எழுத முடியாத நிலையில் நின்றுவிடும். கர்னல் வரியில் ரூட்ஃபிளாக்ஸ்=டேட்டா=ஜர்னல் என்று கொடுத்தால்தான் காரியம் ஆகும்.

எஸ்எஸ்டி வட்டுகளில், அழித்த இடத்தை வட்டுக்கு அறிவிக்கும் டிரிம் வேலையை டிஸ்கார்டு என்று எழுதி அழிக்கும்போதெல்லாம் செய்யலாம். அல்லது எஃப்எஸ்டிரிம் டைமரை இயக்கி வாரம் ஒருமுறை செய்யலாம். ஈஎக்ஸ்டி4-க்கு வாரமுறையே மேல். ஆயிரம் கோப்புகளை ஒருசேர அழிக்கும்போது தடுமாறும் வட்டுகள் உண்டு. சங்கேதமிட்ட வட்டில், எந்த இடம் காலி என்பதை டிரிம் வெளிக்குக் காட்டிவிடும் என்பதையும் எண்ணிக்கொள்ள வேண்டும். யூஎஸ்பி குச்சிகளுக்கு சிங்க் எழுதுவது வேண்டாம். அது ஃபிளாஷ் நினைவகத்தின் ஆயுளைத் தின்னும். பொதுவில் திறந்திருக்கும் டெம்ப் அடைவுக்கு நோசூயிட், நோடெவ் இரண்டும் நல்லவை. நோஎக்ஸெக்கை மட்டும், பொதி நிறுவும் நிரல்கள் சில அங்கே வைத்து எதையேனும் ஓட்டுவதுண்டு என்பதை அறிந்துகொண்டு எழுதுக.

நோஃபெயில் என்ற சொல்லின் அருமையை நான் அவமானப்பட்டே கற்றேன். புகைப்படங்களைச் சேர்த்துவைத்திருந்த வெளிவட்டு ஒன்றை எஃப்எஸ்டேப்பில் எழுதிவைத்து, ஒரு நாள் அதைக் கழற்றி மைத்துனரிடம் கொடுத்தனுப்பினேன். மறுநாள் காலையில் கணினி ஒன்றரை நிமிஷம் அந்த வட்டுக்காகக் காத்திருந்துவிட்டு, அவசரநிலைத் திரையைக் காட்டி நின்றது. வட்டே பழுதாகிவிட்டதென்று அரை நாள் அலைந்தேன். இல்லாவிட்டால் பாதகமில்லை என்ற பகுதிகள் எல்லாவற்றுக்கும் நோஃபெயில் எழுதுவது உசிதம். எழுதினால், கர்னலுக்குப் பின் எழும் முதல் நிரலான சிஸ்டம்டி அதற்காகக் காத்திராது. எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்கள் வட்டுகளைக் கண்டறியும் வரிசைப்படி மாறக்கூடியவை என்பதால், அவற்றை விட்டு யூயூஐடியாலேயே பகுதிகளைக் குறிக்க வேண்டும். எழுதி முடித்தவுடன், அணைப்பதற்கு முன்பே, ஃபைண்ட்எம்என்டி நிரலை வெரிஃபை என்ற சொல்லோடு இயக்கினால் அட்டவணையிலுள்ள தவறுகளுள் பலவற்றை அது எடுத்துக்காட்டும். மேலும், கிரப்பில் ஒரு தடவைக்கு மாற்றிப் பார்ப்பது போலவே, இங்கும் மவுண்ட் கட்டளையால் ரீமவுண்ட்,நோஏடைம் என்று கொடுத்து, கோப்பில் எழுதாமலே ஒரு தெரிவைச் சோதிக்கலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் பொறுக்காத வரி நம்மை வெளியே நிறுத்திவிட்டால், பொறுக்கும் வரியின் வழியாகவே உள்ளே போக வேண்டும். கிரப்பில் 'இ' அமுக்கி, ஆர்ஓ என்றிருப்பதை ஆர்டபிள்யூ என்று மாற்றி, இறுதியில் இனிட்=/பின்/பாஷ் சேர்த்து எழுப்பினால், எஃப்எஸ்டேப்பைப் பற்றிய கவலையே இல்லாத ஷெல் ஒன்று கிடைக்கும். அதில் பிழையான வரியைத் திருத்திச் சேமித்து, சிங்க் என்று ஒருமுறை அடித்துக்கொள்ள வேண்டும். பிறகு பழக்கதோஷத்தால் எக்ஸிட் என்று அடித்துவிடாதீர்கள்; அந்த ஷெல்தான் அப்போது கணினியின் முதல் நிரல், அது மறைந்தால் கர்னல் பேனிக் ஆகி நிற்கும். எக்ஸெக் /ஸ்பின்/இனிட் என்று அடித்தால் கணினி விட்ட இடத்திலிருந்து முறையாக எழும்.