கணக்கு எங்கே, நகல் எங்கே?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. கணக்கு அறையில் மேசைக்கு அடியில் சர்வர். அதன் தலைமேல் கறுப்பு நிற ஹார்ட் டிஸ்க் ஒன்று, சின்ன நீல விளக்கைச் சிமிட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். தினமும் இரவு 9 மணிக்கு டேலி கணக்கு மென்பொருளின் டேட்டா தானாகவே அதில் ஏறும்படி செய்திருந்தார்கள். ஒரு திங்கட்கிழமை காலை கணக்காளர் கம்ப்யூட்டரைத் திறந்தால், எல்லா ஃபைல்களின் பெயருக்குப் பின்னாலும் புரியாத எழுத்துகள் ஒட்டியிருந்தன. ஒவ்வொரு ஃபோல்டரிலும் பணம் கேட்டு ஒரு கடிதம். எனக்குப் போன் வந்தது. போனதும் முதலில் அந்தக் கறுப்பு டிஸ்க்கைத்தான் திறந்து பார்த்தேன். அதிலும் அதே எழுத்துகள், அதே கடிதம்.

"தினமும் பேக்கப் எடுத்தோமே சார்" என்று கணக்காளர் திரும்பத் திரும்பச் சொன்னார். எடுத்தது உண்மைதான். ஆனால் டிஸ்க் இரவும் பகலும் சர்வரிலேயே செருகியிருந்தது. சர்வருக்குள் நுழைந்தவனுக்கு அது இன்னொரு டிரைவ், அவ்வளவுதான். ஆடிட்டரிடம் மார்ச் வரைக்குமான கணக்கு ஒரு பென் டிரைவில் இருந்தது. அதற்குப் பிந்திய நான்கு மாதக் கணக்கை பில் புத்தகம், பேங்க் ஸ்டேட்மென்ட், ஜிஎஸ்டி தளத்தில் ஏற்றியிருந்த விவரங்கள் இவற்றைப் பார்த்துப் பார்த்து மறுபடியும் போட்டார்கள்.

அதன் பிறகு முதலாளி கேட்ட கேள்வியை இன்றைக்குப் பலரும் கேட்கிறார்கள்: கணக்கை ஆபீசிலேயே வைத்துக்கொள்வதா, மாத வாடகைக்கு சர்வர் தருகிறவரிடம் போடுவதா, பெரிய கிளவுட் கம்பெனிக்கே போய்விடுவதா? மூன்று வழியிலும் நிம்மதியாக இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மூன்று வழியிலும் எல்லாவற்றையும் இழந்தவர்கள் உண்டு. அதனால் கொட்டேஷன்களை ஒப்பிடுவதற்கு முன்னால் ஒன்றைக் கேளுங்கள்: திருடன் கணக்குக்குள் வந்துவிட்டால், வந்த அதே வழியில் நகலையும் தொட முடியுமா?

சட்டமும் இந்தக் கேள்விக்குள் வந்துவிட்டது. பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்றால், கம்ப்யூட்டரில் இருக்கும் கணக்குப் புத்தகங்களின் நகல் தினமும் இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் சேர வேண்டும். முன்பு "அவ்வப்போது" என்றிருந்த விதியை 2022 ஆகஸ்டில் "தினமும்" என்று மாற்றினார்கள். 2023 ஏப்ரல் 1 முதல், யார் எப்போது எந்தப் பதிவைத் திருத்தினார் என்று காட்டும் எடிட் லாக் உள்ள மென்பொருளில்தான் கம்பெனிகள் கணக்கு எழுத வேண்டும். அதை அணைத்து வைக்கவும் கூடாது. புத்தகங்களை 8 ஆண்டுகள் காப்பாற்ற வேண்டும். பார்ட்னர்ஷிப்புக்கும் தனி உரிமையாளருக்கும் இந்தக் கம்பெனி விதிகள் பொருந்தாது. ஆனால் ஜிஎஸ்டி பதிவு இருக்கும் யாரும் வருடாந்திரக் கணக்குத் தாக்கலின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் ஆவணங்களை வைத்திருந்தாக வேண்டும். "வைரஸ் வந்து போய்விட்டது" என்றால் அதிகாரி கேட்டுக்கொண்டு எழுந்து போய்விட மாட்டார்.

முதலில் ஆபீசிலேயே சர்வர். இதைக் குறைத்துப் பேசுவது இப்போது வழக்கமாகிவிட்டது, எனக்கு அதில் உடன்பாடில்லை. நெட் போனாலும் பில் போடலாம். மாத வாடகை கிடையாது. டேட்டா யார் கையில் என்ற சந்தேகமே வராது. ஆபத்து பெரும்பாலும் நாமே திறந்துவைக்கும் கதவில்தான் இருக்கிறது. வீட்டிலிருந்தபடி கணக்குப் பார்க்க முதலாளி ஆசைப்படுவார். சர்வீஸ் செய்பவர் ரிமோட் டெஸ்க்டாப்பை நேராக இன்டர்நெட்டுக்குத் திறந்துவிட்டுப் போவார். பாஸ்வேர்ட் கம்பெனிப் பெயரும் 123-உம். இப்படித் திறந்த கதவுகளைத் தேடிக்கொண்டே இருக்கும் புரோகிராம்கள் உண்டு. அவற்றுக்குத் திருப்பூரும் டோக்கியோவும் ஒன்றுதான். இன்னொரு கதவு பழைய விண்டோஸ். 2017 மே 12-ஆம் தேதி உலகெங்கும் பரவிய வான்னக்ரை என்ற வைரஸ், மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே மார்ச்சில் அடைத்துக் கொடுத்திருந்த ஓட்டை வழியாகத்தான் நுழைந்தது. அப்டேட் போடாதவர்கள் மாட்டினார்கள். விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டது. கணக்கு அறையில் அது இன்னும் ஓடுகிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

அப்டேட்டெல்லாம் சரியாகப் போட்டிருந்தாலும் வைரஸ் வரலாம் என்பதற்கு உக்ரைனில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அங்கே கம்பெனிகள் வரி தாக்கல் செய்யப் பரவலாகப் பயன்படுத்திய எம்.இ.டாக் என்ற கணக்கு மென்பொருளின் அப்டேட்டுக்குள்ளேயே 2017 ஜூன் 27 அன்று நாட்பெட்யா என்ற வைரஸ் வந்து இறங்கியது. நம்பிக்கையான இடத்திலிருந்து, எல்லோரும் போடச் சொல்கிற அப்டேட்டாக வந்தது. கப்பல் கம்பெனியான மேர்ஸ்க் அதில் உலகம் முழுக்க முடங்கியது. சுமார் 4,000 சர்வர்களையும் 45,000 கம்ப்யூட்டர்களையும் பத்து நாளில் புதிதாக நிறுவினார்கள். அத்தனை பெரிய கம்பெனியில், யாருக்கு எதில் அனுமதி என்ற மொத்தப் பட்டியலையும் தாங்கிய சர்வர்கள் ஒன்றையொன்று பார்த்து நகலெடுத்துக்கொள்ளும்படி அமைக்கப்பட்டிருந்தன. அதனால் ஒன்றோடு ஒன்றாக எல்லாமே போயின. கானா நாட்டு ஆபீசில் மட்டும் அந்த நேரம் கரண்ட் இல்லை. அணைந்து கிடந்த அந்த ஒரு சர்வரில் இருந்த பட்டியலைத்தான் ஆள் மாற்றி ஆள் விமானத்தில் இங்கிலாந்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். இணைப்பில் இல்லாத ஒரு நகல் என்ன செய்யும் என்பதை இதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஆகவே ஆபீஸ் சர்வர்தான் வேண்டும் என்றால், இரண்டு டிஸ்க் வாங்குங்கள். ஒன்று செருகியிருக்கும்போது மற்றது முதலாளி வீட்டு அலமாரியில் இருக்கட்டும். வாரம் ஒருமுறை மாற்றுங்கள். பிரைவேட் லிமிடெட் என்றால் தினசரி நகலுக்கு வெளியே ஒரு சர்வரும் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். சர்வரைத் தரைத்தளத்தில் வைக்காதீர்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த சென்னைக்காரர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது வாடகை சர்வர். மாதம் இவ்வளவு என்று கட்டினால் டேலியை அவர்கள் இடத்தில் ஏற்றித் தருவார்கள். எங்கிருந்தும் திறக்கலாம், பேக்கப்பும் அவர்கள் பொறுப்பு. சிறிய கம்பெனிகளை இது சட்டென்று இழுக்கிறது, நானே சிலருக்குச் சொல்லியும் இருக்கிறேன். ஆனால் மூன்று வழிகளில் அதிகம் விசாரித்துப் போக வேண்டியது இதுதான், ஏனென்றால் இங்கே நம் கண்ணுக்குத் தெரியும் பகுதி மிகக் குறைவு. டென்மார்க்கில் கிளவுட்நார்டிக் என்ற கம்பெனி இதே மாதிரி சர்வர் வாடகைத் தொழில் செய்தது. 2023 ஆகஸ்டில், ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் புகுந்தபோது சர்வர்களோடு பேக்கப்புகளும் சேர்ந்து பூட்டிக்கொண்டன. பெரும்பாலான வாடிக்கையாளர்களின் டேட்டா திரும்பவில்லை. பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க்கில் 2021 மார்ச் 10 அன்று ஓவிஹெச் கம்பெனியின் டேட்டா சென்டர் தீப்பிடித்தபோது, நகலும் அதே வளாகத்திலேயே இருந்தவர்கள் இரண்டையும் இழந்தார்கள்.

வாடகைக்குத் தருகிறவரிடம் நேருக்கு நேர் உட்கார்ந்து கேளுங்கள். சர்வர் எந்த ஊரில்? நகல் வேறு ஊரிலா, அதே கட்டடத்திலா? நான் வாரம் ஒருமுறை முழு டேட்டாவையும் என் டிஸ்க்கில் இறக்கிக்கொள்ளலாமா? கடைசிக் கேள்விக்குத் தயங்கினால் அந்த இடம் வேண்டாம். பிறகு லாக், அதாவது சர்வரில் யார் எப்போது என்ன செய்தார் என்ற பதிவு. மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் போட்ட உத்தரவுப்படி, இந்தமாதிரித் தாக்குதல் நடந்தது தெரிந்த 6 மணி நேரத்துக்குள் அந்த அமைப்புக்குத் தகவல் தர வேண்டும்; 180 நாள் லாக் கைவசம் இருக்க வேண்டும். சிறு தொழில்களுக்கு இதில் விலக்கு தரவில்லை, அந்த ஆண்டு செப்டம்பர் 25 வரை கூடுதல் அவகாசம் மட்டுமே தந்தார்கள். சர்வர் வாடகைக்குத் தருகிறவரிடம் இருக்கும்போது நடந்ததே நமக்குத் தெரியாமல் போகலாம். "என்ன நடந்தாலும் உடனே சொல்வோம், லாக் கேட்டால் தருவோம்" என்று எழுத்தில் வாங்குங்கள்.

இன்னொன்று. சம்பளப் பட்டியல், பி.எஃப் விவரம், தொழிலாளர்களின் ஆதார் நகல் எல்லாம் அதே சர்வரில்தான் இருக்கும். 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் விதிகள் வந்துவிட்டன; முக்கியப் பிரிவுகள் 18 மாதம் கழித்து, 2027 மே மாதத்தில் நடைமுறைக்கு வரும். போதிய பாதுகாப்பு இல்லாமல் விவரம் வெளியே போனால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். வேலையை வெளியே கொடுத்துவிட்டோம் என்று சொல்லித் தப்ப முடியாது. அந்தச் சட்டத்தில் பொறுப்பு நம்முடையதே. தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண்ணின் ஆதார் நம்பரும் பேங்க் கணக்கும் நம்மை நம்பிக் கொடுத்தவை. அபராதம் இல்லாவிட்டாலும் அதைக் காப்பாற்ற வேண்டியவர் நாம்தான்.

மூன்றாவது, பெரிய கிளவுட். இவர்களிடம் டேட்டா சென்டர் பாதுகாப்பு பற்றி நாம் கவலைப்பட வேண்டியதில்லை. இந்தியாவுக்குள் வேண்டும் என்றால் அமேசானில் மும்பை, ஹைதராபாத். கூகுளில் மும்பை, டெல்லி. மைக்ரோசாஃப்டில் சென்னையே இருக்கிறது. சர்வர் எடுக்கும்போதே ஊரைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள், தானாக வேறு நாட்டில் போய் உட்கார விடாதீர்கள். இங்கே பலவீனம் சாவிதான். கோட் ஸ்பேசஸ் என்ற கம்பெனி அமேசான் கிளவுடில் ஓடியது. 2014 ஜூனில் அதன் நிர்வாக லாகினுக்குள் ஒருவன் புகுந்து டேட்டாவையும் நகல்களையும் அழித்தான். எல்லாம் ஒரே லாகினுக்குக் கீழே. கம்பெனியையே மூட வேண்டியதாயிற்று. எனவே நகலுக்குத் தனி லாகின், தனி ஓடிபி, குறிப்பிட்ட நாள் வரை நாமே நினைத்தாலும் அழிக்க முடியாத பூட்டு ஆகிய மூன்றும் வேண்டும். கூகுள் டிரைவில் ஃபோல்டரை சிங்க் செய்துவிட்டு அதைப் பேக்கப் என்று நினைப்பவர்கள் நிறைய. கெட்டுப்போன ஃபைலும் சிங்க் ஆகும். பழைய பிரதி வழக்கமாக 30 நாள்தான் இருக்கும்.

என்னைக் கேட்டால், ஐந்தாறு பேர் ஒரே இடத்தில் உட்கார்ந்து கணக்கு எழுதும் கம்பெனி ஆபீஸ் சர்வரிலேயே இருக்கலாம். தினசரி நகல் மட்டும் பூட்டுப் போட்ட கிளவுடுக்குப் போகட்டும். இரண்டு மூன்று ஊரில் கிளை இருந்து, கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளத் தனி ஆள் இல்லாதவர்களுக்கு வாடகை சர்வர் பொருந்தும். வாரம் ஒரு பிரதி சொந்த டிஸ்க்கில் இறங்க வேண்டும். முழுதாகக் கிளவுடுக்குப் போவது, அதைக் கவனிக்கச் சம்பளத்துக்கு ஒருவர் இருக்கும் இடத்துக்கு மட்டும்.

அந்தப் பனியன் கம்பெனி முதல் வழியைத்தான் எடுத்தது. மாதத்தின் முதல் சனிக்கிழமை, உபரியாக இருக்கும் ஒரு லேப்டாப்பில் கிளவுட் நகலை இறக்கி, டேலியில் திறந்து, டிரையல் பேலன்ஸ் எடுத்து, கடைசி பில் நம்பரைச் சரிபார்ப்பது என்று முடிவு செய்தோம். முதல் தடவை காலை 11-க்கு ஆரம்பித்தது மாலை 4 மணி ஆயிற்று; பேக்கப்பின் பாஸ்வேர்ட் வேலையை விட்டுப் போன சர்வீஸ் பையனிடம் மட்டும் இருந்தது. அவனைத் தேடிப்பிடித்து வாங்கினோம். இப்போது அந்த பாஸ்வேர்ட், முதலாளியின் லாக்கரில் ஒட்டிய கவருக்குள் இருக்கிறது. அதே கவரில் செர்ட்-இன் எண் 1800-11-4949-உம், பணம் போனால் அழைக்க வேண்டிய 1930-உம் எழுதி வைத்திருக்கிறார்கள். போன மாதம் 40 நிமிடத்தில் முடிந்தது. பில் நம்பர் ஒத்துப்போனதைக் கணக்காளர் தேதி போட்டு நோட்டில் எழுதிக்கொண்டார்.