அங்கோரா முயலுக்கு உரோமப் பராமரிப்பு

துருக்கியின் அங்காரா நகருக்கு முன்பு வழங்கிய அங்கோரா என்ற பெயரால் அறியப்படும் நீண்ட உரோம முயல், குளிர்ப் பகுதிக்கு ஏற்றது. நம் நாட்டில் இமாச்சலப் பிரதேசத்தின் குலு பள்ளத்தாக்கிலுள்ள கார்சாவில், மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிலையத்தின் கிளையில் இது கம்பளிக்காக வளர்க்கப்படுகிறது. முத்தாபுதுப்பேட்டை, ஆவடி வட்டாரத்திலோ கோடையில் பகல் வெப்பம் 40 டிகிரி செண்டிகிரேடை எட்டுவதுண்டு. முயலால் வியர்த்து உடல் சூட்டைத் தணிக்க இயலாது. 30 டிகிரிக்கு மேல் போனாலே அது தவிக்கும். எனவே இங்கு அங்கோராவை ஆசைக்கு வளர்ப்போர், உரோமப் பராமரிப்பை அழகுக்கான வேலையாகக் கருதக்கூடாது. அது உயிர் காக்கும் வேலை.

சீவும் முறை

இதன் உரோமம் மாதத்திற்குச் சுமார் ஓர் அங்குலம் வளரும். வாரம் இரண்டு, மூன்று முறை, வெயில் ஏறுமுன் சீவிவிட வேண்டும். முயலை மேசைமேல் சாக்கு விரித்து உட்கார வைத்து, அகன்ற பல் சீப்பால் மெதுவாகச் சீவவும். தாடைக்கடி, முன்னங்கால் இடுக்கு, வயிறு, பின்பகுதி ஆகிய இடங்களில்தான் சிக்கு விழும். சிக்கை இழுக்கக்கூடாது, முயலின் தோல் மிக மெல்லியது, கிழிந்துவிடும். விரலால் பிரித்துப் பார்த்து, பிரியாவிடில் தோலுக்கும் சிக்குக்கும் இடையே சீப்பைச் செருகி, சீப்புக்கு மேலே மழுங்கிய முனைக் கத்தரியால் வெட்டவும்.

கத்தரித்தல்

கம்பளிப் பண்ணைகளில் சுமார் 75 முதல் 90 நாட்களுக்கு ஒருமுறை கத்தரிப்பார்கள். வீட்டு முயலுக்கும் இதுவே பொருந்தும். பங்குனி பிறக்குமுன் ஒருமுறை, அரை அங்குலம் விட்டுக் கத்தரித்துவிட்டால் கோடையைத் தாங்கும்.

குளிப்பாட்டக் கூடாது. நனைந்த உரோமம் எளிதில் உலராது. அச்சமும் குளிரும் முயலைக் கொல்லக்கூடும். பின்பகுதி அசுத்தமானால் ஈரத்துணியால் துடைத்து, உடனே உலர்த்தவும். இல்லாவிடில், குறிப்பாக மழைக்காலத்தில், ஈ மொய்த்துப் புழு வைக்கும்.

உரோம அடைப்பு

முயல் தன் உடலை நக்கும்போது உதிர்ந்த உரோமத்தை விழுங்குகிறது. முயலால் வாந்தியெடுக்க முடியாது. சீவாமலும், போதிய புல் கொடுக்காமலும் விட்டால் அது வயிற்றில் தங்கிவிடும். புழுக்கை சிறுத்தல், மணிகள் உரோமத்தால் கோத்ததுபோல் வருதல், தீனி மறுத்தல் ஆகியவை அறிகுறிகள். தினமும் தாராளமாகப் புல்லும் தண்ணீரும் கொடுப்பதே தடுப்பு முறை. அரை நாள் தீனி எடுக்காவிட்டாலும் காத்திராமல் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

வாரத்திற்கு ஒரு மணி நேரம் ஒதுக்க இயலாதவர்கள், குட்டை உரோம இன முயலைத் தேர்ந்தெடுப்பதே நல்லது.